பிளாக்-ஓன்ட்னா யாருக்கு யார் சொந்தம்? சப்டைட்டில்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்

வரிக்குவரி:

வணக்கம் மக்களே. 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரம் பத்தின ஒரு டாகுமென்டரிக்கு தமிழ் சப்டைட்டில் போட்டுட்டு இருக்கேன். அதுல ஒரு ஷாட். சின்ன கடை, கண்ணாடி மேல பிளைவுட் அடிச்சிருக்கு, ஒருத்தர் ஸ்ப்ரே பெயின்ட வச்சு அவசர அவசரமா பெரிய எழுத்துல பிளாக் ஓன்ட்னு எழுதறார், கடைசி ரெண்டு எழுத்துக்கு இடம் பத்தாம கீழ மடக்கி எழுதிட்டு உள்ள ஓடிடறார். மொத்தமே ரெண்டு செகண்ட் தான்.

நான் நடுராத்திரி தூக்கக் கலக்கத்துல "கருப்பர்கள் உடைமையாக்கப்பட்டனர்"னு அடிச்சு அனுப்பிட்டேன். அடிமை முறையை பத்தி ஏதோ எதிர்ப்பு வாசகம் எழுதறார்னு நினைச்சேன் சத்தியமா. இன்னிக்கு காலைல செக் பண்றவர் போன் பண்ணி, அஞ்சு நிமிஷம் சிரிச்சுட்டு அப்புறம் தான் விஷயத்தையே சொன்னார். மானம் போச்சு.

சரி, கடை ஓனர் கருப்பினத்தவர்னு அர்த்தம், அது புரிஞ்சுது. ஆனா எனக்கு ரெண்டு சந்தேகம் இருக்கு. ஒண்ணு, இந்த வார்த்தை ஏன் அப்படி வேலை செய்யுது, நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஏன் வரக்கூடாது. ரெண்டு, இது எங்கேர்ந்து வந்துச்சு, ஊரே எரியறப்ப ஒருத்தன் ஓடி வந்து இதை ஏன் எழுதணும். தமிழ்ல சுருக்கமா என்ன போடலாம்னும் சொல்லுங்க, ஒரு வரிக்கு மேல இடம் இல்ல.

இலக்கணக்கிறுக்கன்:

முதல்ல ஒண்ணு, வெக்கப்படாதீங்க. இந்த குழப்பம் நம்ம ஆளுங்களுக்கு புதுசு இல்ல. "புலிகொல் யானை" ஞாபகம் இருக்கா? புலியைக் கொன்ன யானையா, புலி கொன்ன யானையான்னு ரெண்டு பக்கமும் இழுக்கும், தொல்காப்பியத்துல இதுக்குன்னே தடுமாறு தொழிற்பெயர்னு தனியா பேர் வச்சிருக்காங்க. உங்க பிளைவுட்லயும் அதே யானை தான் நிக்குது.

இங்கிலீஷ்ல இந்த ஓன்ட் ஒரு ஒட்டு மாதிரி. ஸ்டேட்-ஓன்ட், ஃபேமிலி-ஓன்ட், ஃபாரின்-ஓன்ட். முன்னாடி வர்ற சொல் தான் முதலாளி, பின்னாடி வர்ற சொல் (கடை, பேங்க், பேப்பர்) சொத்து. மேன்-மேட்னா மனுஷன் செஞ்சதுன்னு தானே எடுத்துக்கறோம், மனுஷனைச் செஞ்சதுன்னு யாரும் படிக்கறதில்ல. அதே கணக்கு தான். சரி ஏன் சறுக்குதுன்னா, பிளாக் அடிப்படையில ஒரு நிறம், பெயரடை. பிளாக்-பெயின்டட்னா கருப்பா பூசினதுன்னு அர்த்தம், கருப்பர்கள் பூசினதுன்னு இல்ல. வடிவம் பார்த்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு, உள்ள போனா உறவே கிடையாது. ஆனா ஃபாரின், சைனீஸ் இதெல்லாமும் பெயரடை தானே, ஃபாரின்-ஓன்ட்னா வெளிநாட்டுக்காரன் வச்சிருக்கறதுன்னு சட்டுனு புரியுதுல்ல, அந்த வரிசைல பிளாக்கை உக்கார வச்சு பாருங்க, தெளிவாயிடும்.

நடுவுல வர்ற கோடு பத்தி: பெயருக்கு முன்னாடி ஒட்டி வந்தா கோடு போடறது வழக்கம், வாக்கியத்தோட கடைசில தனியா நின்னா பல பேர் விட்டுடுவாங்க. ஸ்ப்ரே பெயின்ட்காரர் கோடு போடலைன்னு அவர் மேல கேஸ் போட வேண்டாம்.

தமிழ்ல நமக்கு அரசுடைமை இருக்கு, பொதுவுடைமை இருக்கு. அதே அச்சுல "கருப்பருடைமை"ன்னு வார்க்கலாம், ஆனா கேக்க நல்லா இல்ல, ஏதோ பறிமுதல் பண்ணின மாதிரி இருக்கு. பேப்பர்ல எல்லாம் "கருப்பினத்தவருக்குச் சொந்தமான"ன்னு எழுதறாங்க. சரியான மொழிபெயர்ப்பு தான், ஆனா ரெண்டு செகண்ட்ல யார் படிச்சு முடிப்பா.

சும்மாவந்தேன்:

கருப்பா கறுப்பா, முதல்ல அதை முடிவு பண்ணுங்க

இலக்கணக்கிறுக்கன்:

ஐயா சாமி, அந்த சண்டைய இங்க ஆரம்பிக்காதீங்க. போன தடவை அந்த திரி 40 பக்கம் போச்சு, கடைசில மாடரேட்டர் பூட்டு போட்டாரு.

பழையபேப்பர்பைத்தியம்:

ரெண்டாவது கேள்விக்கு நான் வர்றேன், கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துக்கோங்க.

முதல் விஷயம், பிளாக்-ஓன்ட்ங்கறது இப்ப இருக்கற சட்டை. அதுக்கு முன்னாடி அதே உடம்பு வேற சட்டை போட்டிருந்துச்சு. 20ஆம் நூற்றாண்டோட முதல் பாதி முழுக்க பேப்பர்ல வந்தது நீக்ரோ-ஓன்ட் தான், அப்ப அது மரியாதையான சொல், இன்னிக்கு யாரும் சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது. பேச்சுல ரேஸ் பிசினஸ்னும் சொல்லிக்கிட்டாங்க, ரேஸ்னா அங்க "நம்ம இனம்"னு அர்த்தம், குதிரை ரேஸ் இல்ல. 1966ல கருப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல் மிசிசிப்பில நடந்த ஊர்வலத்துல பிளாக் பவர் (கருப்பர் அதிகாரம்)னு முழங்கினதுக்கு அப்புறம் தான் பிளாக்ங்கற சொல்லையே ஜனங்க பெருமையா எடுத்து மாட்டிக்கிட்டாங்க, கொஞ்ச வருஷத்துல பேப்பரும் மாறுச்சு, நீக்ரோ-ஓன்ட் போயி பிளாக்-ஓன்ட் வந்துச்சு.

இதை உங்க படத்துல வர்ற ஊர்லயே பாக்கலாம். அதே லாஸ் ஏஞ்சலஸ்ல வாட்ஸ்னு ஒரு பகுதி, 1965ல அங்க பெரிய கலவரம். அப்பவும் கடைக்காரங்க இதே மாதிரி கண்ணாடில எழுதி வச்சாங்க, நீக்ரோ ஓன்ட், ப்ளட் ப்ரதர்னெல்லாம். 1967 டெட்ராய்ட் கலவரத்துல சோல் ப்ரதர், எல்லாமே நம்ம இனத்து ஆளுங்கற அர்த்தம் தான். 1992ல பிளாக் ஓன்ட். ஒரே ஊர்ல 27 வருஷம் கழிச்சு அதே பயத்துல அதே வேலை, முன்னாடி இருக்கற சொல் மட்டும் மாறியிருக்கு, பின்னாடி ஓன்ட் அப்படியே நிக்குது. எரிக்க வர்றவனைப் பார்த்து "தம்பி, இது உங்க ஆளு கடை, விட்ரு"ன்னு சொல்ற எழுத்து அது. எல்லா இடத்துலயும் பலிக்கவும் இல்ல. எழுதி வச்ச கடைகளும் எரிஞ்சிருக்கு, நெருப்பு போர்டு படிச்சுட்டா பரவும்.

ஆனா இந்த வார்த்தை பயத்துல பொறந்தது இல்ல, அதையும் சொல்லணும். அடிமை முறை ஒழிஞ்சு ஒரு தலைமுறை கழிச்சு, "நம்ம காசு நம்ம ஆளுகிட்டயே போகணும்"ங்கற பேச்சுல பொறந்தது. 1899ல கருப்பின அறிஞர் டு பாய்ஸ் அட்லாண்டால கருப்பின வியாபாரிகளை பத்தியே ஒரு மாநாடு கூட்டி கணக்கெடுத்தாரு. அடுத்த வருஷமே இன்னொரு கருப்பின தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் பாஸ்டன்ல நேஷனல் நீக்ரோ பிசினஸ் லீக் ஆரம்பிச்சாரு. ரெண்டு பேரும் மத்த எல்லாத்துலயும் எதிரும் புதிருமா நின்னவங்க, இதுல மட்டும் ஒரே பக்கம். 1903ல ரிச்மண்ட்ல மேகி லீனா வாக்கர்னு ஒரு கருப்பின அம்மா பேங்கே ஆரம்பிச்சாங்க, பேரு செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் பேங்க், பென்னின்னா நம்ம பைசா மாதிரி, துணி துவைக்கற பொம்பளைங்க கொண்டு வர்ற சில்லறையை நம்பி நடந்த பேங்க். சிகாகோல டபுள் டியூட்டி டாலர்னு ஒரு சொல் ஓடுச்சு, சர்ச்ல பாதிரியார் பிரசங்கத்துலயே சொல்வாராம்: ஒரு டாலர் ரெண்டு வேலை செய்யணும், உனக்கு சாமானும் வாங்கித் தரணும், இனத்தையும் தூக்கி விடணும். எனக்கு ரொம்ப பிடிச்ச சொல் இது.

1955ல பஸ்ல இனம் பார்த்து உக்கார வைக்கறதை எதிர்த்து நடந்த மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்புலயும் கருப்பின டாக்சி ஓனருங்க பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆள் ஏத்தினாங்க, உடனே நகர அதிகாரிங்க குறைஞ்சபட்ச கட்டணம் 45 சென்ட்னு சட்டத்தைக் காட்டி மடக்கினாங்க. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்படறதுக்கு முந்தின ராத்திரி மெம்ஃபிஸ்ல பேசின பேச்சை எல்லாரும் "மலை உச்சிக்குப் போயிட்டு வந்தேன்"ங்கற வரியால ஞாபகம் வச்சிருக்காங்க, அதே பேச்சுல தான் கருப்பர்களோட பேங்கான டிரை-ஸ்டேட் பேங்க்ல போயி காசு போடுங்கன்னு பேங்க் பேரோட சொல்லியிருக்காரு. அந்த பகுதிய யாரும் ஸ்டேட்டஸ்ல வைக்கறதில்ல.

வரிக்குவரி:

அண்ணா மிரட்டிட்டீங்க. 1965 மேட்டர் எனக்கு தெரியவே தெரியாது, அதே ஊரா! ஒரு சின்ன டவுட், அப்ப நான் அடிமை முறைன்னு நினைச்சது முழுக்க முட்டாள்தனமா?

பழையபேப்பர்பைத்தியம்:

முழுக்க இல்லம்மா. 1860 சென்சஸ்ல அந்த நாட்டுல கிட்டத்தட்ட 39.5 லட்சம் பேர் இன்னொருத்தரோட சொத்துன்னு கணக்குல இருந்தாங்க. அந்த ஆளுங்களோட பேரன் பேத்தி கடை வச்சு கதவுல ஓன்ட்னு எழுதறப்ப அந்த சொல்லுக்கு ஒரு கனம் வரத்தான் செய்யும். உங்க தூக்கக் கலக்கம் தப்பான வழில போயி ஏதோ ஒரு உண்மைய தொட்டுட்டு வந்திருக்கு, சப்டைட்டில் தப்பு தப்பு தான்.

அட்லாண்டாமாமா:

நான் அட்லாண்டால 14 வருஷமா இருக்கேன், இங்க இந்த சொல் தினம் கண்ல படும். 2020ல ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்கு அப்புறம் ஜூலைல கூகுள் மேப்ஸ்லயே கடைக்கு கீழ இந்த லேபிள் வர ஆரம்பிச்சுது, ஆரஞ்சு பின்னணில ஒரு கருப்பு ஹார்ட் போட்டு. நான் முடி வெட்டற கடைல அந்த ஸ்டிக்கரை கண்ணாடியோட ஓரத்துல ஒட்டியிருக்காங்க. முடி வெட்டறவர் சொன்னாரு, "என் அப்பா காலத்துல இதை கதவுல எழுதினா அடி விழும்னு பயம், அப்புறம் எழுதலன்னா எரிச்சிடுவாங்கன்னு பயம், இப்ப எழுதினா அஞ்சு ஸ்டாரு". சொல்லிட்டு என் காது பக்கத்துல மிஷினை வச்சுட்டு குலுங்கி குலுங்கி சிரிக்கிறாரு, எனக்கு தான் பயம்.

இங்க யாரும் சொல்லாத ஒரு விஷயம், ஓன்ட்னா எவ்ளோ ஓன்ட்? பாதி பங்கு இருந்தா போதுமா? அரசாங்க கான்ட்ராக்ட், பெரிய கம்பெனி சப்ளையர் லிஸ்ட் இதுக்கெல்லாம் 51 சதவீதம் கணக்கு. பங்கு மட்டும் பேப்பர்ல இருந்தா பத்தாது, முடிவு எடுக்கறதும் அவங்க கைல இருக்கணும்னு ரூல். ஏன் அப்படி ரூல்னா, அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் 1969ல சிறுபான்மை தொழில்களுக்குன்னு ஒரு ஆபீஸ் தொறந்தாரு, அதைத் தொடர்ந்து ஒதுக்கீடு எல்லாம் வந்துச்சு, கூடவே நம்ம ஊர் வைத்தியமும் வந்துச்சு: பினாமி. வெள்ளைக்காரர் கம்பெனி, முன்னாடி ஒரு கருப்பின ஆளை பிரசிடென்ட்னு உக்கார வச்சு கையெழுத்து வாங்கிக்கறது. இங்க அதுக்கு ஃப்ரன்ட்னு பேரு.

இதுக்கு பழைய உதாரணம் ஒண்ணு இருக்கு. ஃப்ரீட்மென்ஸ் பேங்க், 1865ல ஆரம்பிச்சது. விடுதலையான அடிமைகளுக்காகன்னே, பேரும் அவங்க பேர்ல தான். போட்ட காசு எல்லாம் அவங்க காசு. ஆனா நடத்தினது பெரும்பாலும் வெள்ளைக்கார டிரஸ்டிகள், அடமானம் ஒழுங்கா வாங்காம தெரிஞ்ச ஆளுங்களுக்கு கடன் குடுத்து 1874ல படுத்துருச்சு. படுக்கறதுக்கு சில மாசம் முன்னாடி அடிமையா இருந்து தப்பிச்சு பெரிய தலைவரான ஃப்ரெட்ரிக் டக்ளஸை கூட்டி வந்து பிரசிடென்ட் ஆக்கினாங்க. அவரு பாவம், நிலைமை தெரியாம சொந்தக் காசு 10,000 டாலரையும் உள்ள போட்டாரு. சுமார் 61,000 பேரோட கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் மாட்டிக்கிச்சு, முழுசா யாருக்கும் திரும்பக் கிடைக்கல. அதனால "கருப்பர்களுக்கான பேங்க்" வேற, "கருப்பர்களோட பேங்க்" வேற. சப்டைட்டில்ல இந்த ரெண்டையும் குழப்பாதீங்க, அவ்ளோ தான்.

நைட்ஷிஃப்ட்:

மாமா சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன், கலைஞர்கள் கருப்பர்களா இருந்தா கம்பெனியும் கருப்பர் கம்பெனின்னு நினைச்சுடறாங்க. மோட்டவுன் பாட்டு கம்பெனிய பெர்ரி கோர்டி 1959ல வீட்ல 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பிச்சாரு, அது பக்கா பிளாக்-ஓன்ட். 1988ல 6.1 கோடி டாலருக்கு வித்துட்டாரு, அன்னிலேர்ந்து இல்ல. பாட்டு அதே பாட்டு தான். பிஇடி (பிளாக் என்டர்டெயின்மென்ட் டெலிவிஷன்) சேனலும் அப்படி தான், பேர்லயே பிளாக் இருக்கு, 2000ல வயாகாம்ங்கற பெரிய மீடியா கம்பெனி வாங்கறதா அறிவிச்சாங்க, சுமார் 300 கோடி டாலர்.

அதனால இந்த வார்த்தை வாசம், ருசி, ஸ்டைல் எதையும் சொல்லல, பத்திரத்துல யார் பேருன்னு மட்டும் தான் சொல்லுது.

எதிர்ப்பாட்டு:

எல்லாம் சரி, எனக்கு ஒரு நெருடல். இன்னாரோட கடைன்னு இனம் பார்த்து வாங்கறது சரின்னா, இன்னாரோட கடைன்னு இனம் பார்த்து ஒதுக்கறதையும் எப்படி தப்புன்னு சொல்றது? வொயிட்-ஓன்ட்னு ஒருத்தன் போர்டு வச்சா விடுவீங்களா?

பழையபேப்பர்பைத்தியம்:

நியாயமான கேள்வி, அங்க கோர்ட்லயே இது தான் ஓடுது. ஃபியர்லெஸ் ஃபண்ட்னு அட்லாண்டால ஒண்ணு, கருப்பின பெண்கள் 51 சதவீதம் வச்சிருக்கற சின்ன தொழில்களுக்கு மட்டும் 20,000 டாலர் மானியம் குடுத்தாங்க. அதை எதிர்த்து கேஸ், 2024 ஜூன்ல அப்பீல் கோர்ட் நிறுத்தி வச்சுது, அப்புறம் சமரசமாகி அந்த திட்டத்தையே மூடிட்டாங்க. கேஸ் போட்டவங்க கைல எடுத்த சட்டம் எது தெரியுமா, 1866ஆம் வருஷத்து சிவில் ரைட்ஸ் சட்டம். விடுதலையான அடிமைகளும் வெள்ளைக்காரங்க மாதிரியே ஒப்பந்தம் போடலாம்னு சொல்ல வந்த சட்டம்.

வொயிட்-ஓன்ட் போர்டு பத்தி: அந்த சொல்லும் நிறைய புழங்குச்சு, ஆனா கருப்பின பேப்பர்ல தான் அதிகம் பாக்கலாம். வெள்ளைக்காரர் கடைக்கு அந்த அடைமொழியே தேவைப்படல, வெறும் "கடை"ன்னு சொன்னாலே அது தான். 1930கள்ல நியூயார்க்ல ஹார்லெம்ங்கற பகுதில கருப்பர்கள் வாங்கற கடைல கருப்பர்களுக்கு வேலை கிடையாது, "வேலை தராத கடையில வாங்காதே"ன்னு கடை வாசல்ல அட்டை பிடிச்சு நின்னாங்க, வாஷிங்டன்லயும் அதே போராட்டம், 1938ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, மறியல் பண்ண உரிமை உண்டுன்னு தீர்ப்பு வாங்கினாங்க. அவங்க கேட்டது வேலை. ஓனர் யாருங்கறது அதுக்கு அடுத்த கேள்வி. உங்க நெருடல் தீராது, எனக்கும் முழுசா தீரல, ஆனா ரெண்டு போர்டும் ஒரே எடைன்னு என்னால ஒத்துக்க முடியல.

இலக்கணக்கிறுக்கன்:

சந்துல சிந்து பாடறேன். பெரிய எழுத்து பத்தி யாரும் சொல்லலையே. இப்ப அமெரிக்க பேப்பர்ல இனத்தைக் குறிக்கற பிளாக்குக்கு முதல் எழுத்து பெரிசா போடறாங்க, ஏபி செய்தி நிறுவனம் 2020 ஜூன்ல மாத்துச்சு, மத்தவங்களும் மாத்தினாங்க. இதுவும் பழைய சண்டை தான், நீக்ரோவுக்கு பெரிய எழுத்து வேணும்னு டு பாய்ஸ் வருஷக்கணக்கா கேட்டு, நியூயார்க் டைம்ஸ் 1930ல தான் இறங்கி வந்துச்சு. தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லாதது நல்லதா போச்சு, நமக்கு ற ர சண்டையே போதும்.

இன்னொண்ணு வரிக்குவரி, நாளைக்கு தென்னாப்பிரிக்கா படம் வந்தா இதே வரிய காப்பி பேஸ்ட் பண்ணிடாதீங்க. அங்க 2003ல வந்த பொருளாதார அதிகாரமளிப்பு சட்டத்துல பிளாக்னா ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் எல்லாரும் அடக்கம். அந்த நாட்டு குடிமகனா இருக்கற டர்பன் தமிழரோட கம்பெனியும் அங்க சட்டப்படி பிளாக்-ஓன்ட் தான். 2008ல சீனர்களும் கோர்ட்டுக்கு போயி உள்ள வந்துட்டாங்க.

சும்மாவந்தேன்:

அப்ப "கருப்பர் கடை"ன்னு போட்டா முடிஞ்சுது. உயிருக்கு பயந்து எழுதறவன் "கருப்பினத்தவருக்குச் சொந்தமான வணிக நிறுவனம்"னா எழுதுவான், எழுதி முடிக்கறதுக்குள்ள கடை போயிடும்

அட்லாண்டாமாமா:

சும்மா வந்தவர் தான் சரியா சொல்லியிருக்காரு. எனக்கு ஓகே.

இலக்கணக்கிறுக்கன்:

கருப்பரோட கடை, கருப்பருக்கான கடைன்னு அதுலயும் ரெண்டு அர்த்தம் இருக்கு, ஆனா பிளைவுட்ல எழுதினா முதல் அர்த்தம் தான் வரும். ஆட்சேபணை இல்ல.

வரிக்குவரி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ரெண்டு சொல், ஒரு வரி, ரெண்டு செகண்ட்ல நிம்மதியா படிக்கலாம். "கருப்பர் கடை"ன்னு மாத்தி அனுப்பிட்டேன்.

அப்டேட்: ஃபைல் திரும்பி வந்துருச்சு. அர்த்தம் சூப்பராம். சின்ன ர போட்டிருக்கீங்க, பெரிய ற போட்டு அனுப்புங்கங்கறாங்க.